அரசாணையும் மதம் மாறியவர் வாழ்வும்



தன் அறிவுக்கு உகந்த மதத்தைத் தழுவுவது ஒருவனது உரிமை என்பதை யாவரும் ஒப்புவர். அம்மதத்தின் கொள்கை இன்னதென்று தீர்ப்புரைக்கும் அதிகாரம் யாருக்கு உரியது? குருமாருக்கு என்போம். ஆயினும் அரசாங்கமும் அதைக் கையிலெடுத்ததுண்டு. கத்தோலிக்கம் தழுவிய நம் நாட்டவர் பட்ட பாடே அதற்குச் சான்று.

நட்டாலத்தில் 1712-இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மரின் அரண்மனை அலுவலர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவரான டிலனாய் என்னும் டச்சுப்படையினர் அவருக்கு நண்பரானார். தம் துன்பங்களைச் சொல்லி வருந்திய நீலகண்டருக்கு டிலனாய் விவிலியத்து யோபுவின் கதையைக் கூறினார் என்பது வழிவழிச் செய்தி. நல்லவனுக்கும் துன்பம் வரும், அது பாவத்தின் கூலி அன்று என்பது அக்கதையின் சாரம். முன்வினை, முன்வினை என்று சொல்லியே மனிதனை மனிதன் மிதித்த நாட்டில் அது எத்தகைய ஆறுதலாக இருந்திருக்கும்! (பகவன் போதித்த கம்மம் அம்மிதிப்புக்கு இடந்தருவதன்று, அது வேறொரு பாடம்.) 1745-இல் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். தாழ்ந்தோர் எனப்பட்டவரோடு வேற்றுமையின்றிப் பழகினார். 1749-இல் சிறைப்பட்டார். 1752 சனவரி 14-ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மன்னருக்குக் கத்தோலிக்கமே பகையோ? அன்று. டிலனாயும் கத்தோலிக்கரே, அவர் இறுதிவரை படைத்தலைவராக இருந்தார். ஆலையில் நூல் அறுந்தால், எந்தக் கதிரில் அறுந்தது என்றே முதலில் பார்ப்போம். இங்கே அறுந்தது சாதி வரிசை. அயலான் எதை வணங்கினாலும் அரசுக்குக் கேடில்லை. தன் குடி, அதிலும் உயர்குடி, வரிசையை விட்டு இறங்கினால் கேடு. தேவசகாயம் சிறையிலிருந்தபோதே, 1750 சனவரியில், மன்னர் திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமிக்கு நாட்டையே அர்ப்பணித்துத் தாம் அத்தெய்வத்தின் தாசரானார். அவர் செய்த குற்றம் அரசத் துரோகமே, மதமாற்றம் அன்று என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். தெய்வமே நாட்டுக்கு உடையவராக இருக்க, அவ்விரண்டையும் எங்ஙனம் பிரிப்பது?

இனி வடக்கன்குளத்துக்குத் திரும்புவோம். அவ்வூரிலேயே 1872-இல் கட்டிய தேவாலயம் ஒரே பீடத்திலிருந்து இரு கைகளாகப் பிரிந்தது. வேளாளர் ஒரு கையில். நாடார் முதலியோர் மறு கையில். பாதிரிமார் பின்னாளில் அத்தடுப்பை நீக்கியபோது வேளாளர் வழக்காடித் தோற்றனர். மதம் மாறியவன் கண்ட கத்தோலிக்கம் வேறு, சுவரெழுப்பிய கத்தோலிக்கம் வேறு. கொள்கையில் சாதி இல்லை, கோயிலில் இருந்தது.

1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இவ்வேற்றுமையைக் காணவில்லை. இந்துவல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகார் என்றது. 1956-இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். 1990-இல் நம் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். நம் தம்மத்திலும் சாதி இல்லை. எனினும் சாதியின் காயம் மதம் மாறிய அன்றே ஆறுவதில்லை என்று கண்டு அச்சலுகையை அளித்தனர். அது நியாயம். அதே நியாயம் கத்தோலிக்கனுக்கு ஏன் இல்லை? சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த ஆதிதிராவிடக் கிறிஸ்தவர் ஒருவர், இந்துத் தொழிலாளருக்கு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்சநீதிமன்றம் சென்றார். புதிய மதத்திலும் அதே கொடுமை தொடர்வதற்குப் போதிய சான்று காட்டவில்லை என்று 1985-இல் மனு தள்ளப்பட்டது. வடக்கன்குளத்துச் சுவர் எதற்குச் சான்றோ!

2022 மே 15-ஆம் நாள் தேவசகாயம் ரோமில் புனிதராக அறிவிக்கப்பெற்றார். ‘பிள்ளை’ என்னும் சாதிப்பெயரைத் திருச்சபை அதற்கு முன்னரே அவர் பெயரிலிருந்து நீக்கிவிட்டது. அவ்வாண்டு அக்டோபரில், பிற மதங்கள் தழுவிய பட்டியல் சாதியினரின் கோரிக்கையை ஆராய நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மத்திய அரசு ஓர் ஆணையம் அமைத்தது.