வீட்டு வாசலுக்கு முன்னுள்ள நிலம்

கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதும்பொழுது "தெருவுக்கு மேற்கு" என்பதுபோல் ஒரு வரி வரும். அங்கத்தினர்களில் அநேகர் அவ்வரியைக் கவனிப்பதில்லை. தெரு எல்லையாக எழுதப்பட்டிருப்பின், அத்தெரு தம்முடையதன்று என்பதே அதன் பொருள். சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவிலுள்ள துண்டு நிலம் யாருடையது என்னும் சச்சரவு, பத்திரத்தைப் பிரித்துப் படித்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

1905-ம் வருஷத்து 3-வது ஆக்டாகிய நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலை, தெரு, சந்து, பாதை ஆகியவற்றையும் அவற்றின் ஓரத்துப் பள்ளங்களையும் சர்க்கார் சொத்தென்று கூறுகிறது. நகரத் தெருக்களை 1920-ம் வருஷத்து ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டம் நகரசபையின் வசம் ஒப்புவித்தது. அதற்குப் பதிலாக 2023-ல் அமலுக்கு வந்த சட்டமும் இவ்வடிப்படையை மாற்றவில்லை. பன்னிரண்டு வருஷம் அனுபவித்தால் பாத்தியம் வந்துவிடும் என்று திண்ணையில் பேசிக்கொள்வார்கள். அது தனி மனிதர் நிலத்தைப் பற்றிய கணக்கு. சர்க்கார் நிலத்துக்கும் ஸ்தல ஸ்தாபனத்தின் தெருவுக்கும் 1963-ம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம் 30 வருஷம் வைத்திருக்கிறது. அதையும் அனுபவிப்பவரே ருஜுப்படுத்த வேண்டும்.

2024-ல் மாநகராட்சியாக உயர்ந்த திருவண்ணாமலையில் இது வெறும் சட்ட விஷயமன்று. கார்த்திகைத் தீப உற்சவத்தின் ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் மாட வீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக வலம் வருகின்றன. வடம் பிடிப்பவர்கள் தேரை இழுக்கிறார்கள். திருப்புகிறவர்களோ சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுகிறவர்கள். கட்டையை இட்டவுடன் அவர்கள் விலகியாக வேண்டும். அவ்விடத்தில் யாரோ ஒருவருடைய வாசற்படி மூன்றடி நீண்டு நின்றால் எங்கே விலகுவது? ஜனநெருக்கத்தில் குழந்தையுடன் ஒதுங்க விரும்பும் ஸ்திரீக்கும் அதே கஷ்டந்தான்.

மழைக்காலத்தில் வேறொரு தொல்லை. ஊர் மலையடிவாரத்தில் இருப்பதால் தண்ணீர் வேகமாக இறங்குகிறது. வண்டி ஏற்றுவதற்கென்று ஒருவர் சாக்கடையின்மேல் சிமெண்டுச் சரிவு போட்டுவிட்டால், மண்ணும் குப்பையும் அதன் அடியில் தங்கும். வெள்ளம் மேட்டுப் பக்கத்து வீட்டுக்குள் புகும். தவறு செய்தவர் வீடு பெரும்பாலும் நனைவதில்லை! சாக்கடையை மூடுவது அவசியமானால், ஸ்தல ஸ்தாபனத்தின் அநுமதி பெற்று, இருவர் தூக்கி எடுக்கக்கூடிய கற்பலகைகளை இடுவதே முறை. உற்சவப் பந்தலுக்கும் அநுமதி பெறவேண்டும். முடிந்த மறுநாளே கால் நட்ட குழிகளை மூடிவிட வேண்டும். வாசலைப் பெருக்கிக் கோலமிடும் நம் வழக்கம் நல்லதுதான். பெருக்கிய குப்பை சாக்கடையில் தள்ளப்படுவதால் அதன் பலன் கெடுகிறது. கிராமங்களில் தெருவோரத்து எருக்குழிக்கும் வைக்கோற்போருக்கும் இதே நியாயந்தான்.

சங்கத்துக்கும் இதில் சம்பந்தமுண்டு. அங்கத்தினர் ஈடு காட்டக்கூடியது பத்திரத்தில் கண்ட அளவு மட்டுமே. தெருவில் நீட்டிய முன்கட்டில் கடை வைத்து, அவ்வாடகையை நம்பிக் கடன் வாங்கியவர்க்கு, நோட்டீஸ் வந்து முன்கட்டு இடிக்கப்பட்டபின் வாடகை நின்றுவிடும், தவணை நிற்காது. ஜாமீன் கையெழுத்திட்டவரும் அகப்பட்டுக்கொள்வார். ஆகையால் வீட்டுக் கடன் மனு வந்தால் நிர்வாகக் கமிட்டியார் பட்டாவையும் வில்லங்க சர்டிபிகேட்டையும் பார்த்ததோடு நில்லாமல், சர்வே படத்துடன் நேரில் சென்று, எதிர்வீட்டுச் சுவரிலிருந்து தெருவின் அகலத்தை நாடா வைத்து அளந்து, அளவை மனுவின் பின்புறத்தில் குறித்துக் கையெழுத்திட வேண்டும்.