இல்லந்தோறும் நந்தவனம்



திருக்கோயில்களில் மலர்ப்பணி மிகத் தொன்மையானது. திருவில்லிபுத்தூரில் நந்தவனம் அமைத்து மாலை தொடுத்தவர் பெரியாழ்வார். அங்கே துளசிச் செடியின் அருகே அவர் கண்டெடுத்த குழந்தையே ஆண்டாள் என்பது வரலாறு. திருவரங்கத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரும் திருப்புகலூரில் முருக நாயனாரும் மலர்த்தொண்டையே தம் வாழ்வாகக் கொண்டனர். அத்தொண்டின் சிறு பங்கினை நம் இல்லத்திலும் மேற்கொள்ளலாம். அதற்கு ஒரு சென்ட் நிலமே போதுமானது.

ஆயினும், இந்நாளில் வீடு கட்டுவோர் பலர் வாசல் முதல் கொல்லை வரை முழுவதையும் சிமென்ட் தளமாக்கி விடுகின்றனர். ஒரு சென்ட் முற்றத்தில் 25 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,000 லிட்டர் நீர் விழுகிறது. தளமிட்ட முற்றத்தில் அந்நீர் தெருவுக்கு ஓடுகிறது. மண் முற்றத்தில் பெரும்பகுதி நிலத்துள் இறங்குகிறது. கோடையில் தளம் அனலாய்க் கொதிப்பதும், கிணறு வற்றுவதும் இதனால் மிகுகின்றன. எனவே, நந்தவனம் அமைப்பது வழிபாட்டுக்கு உதவுவதோடு, நம் பிள்ளைகளுக்கு நீரைச் சேமித்து வைப்பதும் ஆகும்.

இடம் அறிதல்

செடி வாங்குவதற்கு முன்னர் வெயிலையும் மண்ணையும் அறிதல் வேண்டும். நம் நாட்டில் பிற்பகலில் மேற்கு வெயிலே வீட்டுச் சுவரைப் பெரிதும் சுடுகிறது. ஆகவே நிழல் தரும் மரங்களை மேற்குப் பக்கத்தில் வைப்பது நன்று. மார்கழி, தை மாதங்களில் கதிரவன் தென்புறம் சாய்ந்து செல்வதால், தெற்கில் உயர்ந்த மரங்களை நெருக்கி வைத்தால் பூச்செடிகளுக்கு வெயில் கிடைக்காது. கிழக்கும் தெற்கும் தாழ்ந்த பூச்செடிகளுக்கு உரியவை.

கரிசல் மண்ணில் நீர் தேங்கும். மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்து, மேட்டுப்பாத்தி கட்ட வேண்டும். செம்மண்ணுக்குத் தொழுவுரம் மிகுதியாக இட வேண்டும். கடற்கரை மணலில் நீர் நில்லாது. வண்டல் மண்ணும் இலைமக்கும் சேர்த்தல் வேண்டும்.

நால்வகைப் பூ

மலர்களைக் கோட்டுப்பூ, கொடிப்பூ, நிலப்பூ, நீர்ப்பூ என நான்காக வகுத்தனர் நம் முன்னோர். முருக நாயனார் இந்நான்கினையும் வைகறையில் கொய்து சாத்தினார் எனப் பெரியபுராணம் கூறுகிறது. இவ்வகுப்பே தோட்டம் அமைப்பதற்கும் நல்ல வழிகாட்டி.

கோட்டுப்பூ: கிளைகளில் பூப்பவை. வில்வம், மகிழம், சரக்கொன்றை, பவழமல்லி ஆகியன வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றவை. மரங்களைச் சுவரிலிருந்து 10 முதல் 15 அடி தள்ளி நடுக. அரசும் ஆலும் கோயிலுக்கும் குளக்கரைக்கும் உரியவை. அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். நாகலிங்க மரத்தின் கனத்த காய்கள் உதிரும். நடமாடும் இடத்தில் அது வேண்டாம். பவழமல்லி இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வது. மாலையிலேயே அடியில் தூய துணி விரித்து வைத்தால், மண் படாமல் மலரைச் சேகரிக்கலாம். நந்தியாவட்டையும் செம்பருத்தியும் அதிகக் கவனிப்பின்றி ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். அரளியும் வறட்சி தாங்கும். ஆனால் அதன் இலை, பூ, வேர், பால் அனைத்தும் நஞ்சு. குழந்தைகளும் ஆடு மாடுகளும் அணுகாத இடத்தில் வைத்து, பறித்தபின் கை கழுவுதல் வேண்டும்.

கொடிப்பூ: முல்லையும் சங்குப்பூவும் பந்தலிலோ வேலியிலோ படரும். சங்குப்பூ அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர் முடிச்சுகள் மண்ணுக்குத் தழைச்சத்து தரும். குண்டுமல்லிச் செடிகளுக்கிடையே 4 அடி இடைவெளி விடுக. கார்த்திகை முற்பகுதியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் கவாத்து செய்து தொழுவுரமிட்டால், பங்குனி முதல் நிறையப் பூக்கும். கவாத்துக்கு அஞ்சி விட்டால், இலையே தழைத்துப் பூ குறையும்.

நிலப்பூ: துளசி, தும்பை, சாமந்தி, மரிக்கொழுந்து முதலியன. துளசிக்கு நேர் வெயில் தேவை. நிழலில் வைத்தால் மெலியும். கதிர்களை அவ்வப்போது கிள்ளினால் இலை பெருகும். சில கதிர்களை முற்றவிட்டு விதை எடுத்துக்கொள்க.

நீர்ப்பூ: அகன்ற சிமென்ட் தொட்டியில் களிமண் இட்டு அல்லியும் தாமரையும் வளர்க்கலாம். நாளும் ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். தேங்கிய நீரில் கொசு முட்டையிடும் என்பதால், கப்பி மீன்களை விடுதல் இன்றியமையாதது. மற்றத் தொட்டிகளின் அடித்தட்டில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுக. டெங்கு பரப்பும் கொசு, ஒரு வாரம் பத்து நாட்களில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும்.

நீரும் உரமும்

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. 2003ஆம் ஆண்டு முதல் இங்கு அனைத்துக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரை இறக்கும் உறிஞ்சுகுழியைப் புரட்டாசிக்குள் தூர் எடுத்துவிடுக. கன்று நடுவதற்கும் மழை தொடங்கும் காலமே சிறந்தது. கோடையில் அதிகாலை அல்லது மாலையில் மட்டும் நீர் விடுக. செடியின் அடியில் உலர்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் ஈரம் நெடுநேரம் நிற்கும். அரிசி களைந்த நீரைச் செடிக்கே ஊற்றுக. குளியலறை நீரைக் கல்வாழையும் வாழையும் நட்ட பாத்திக்குத் திருப்பலாம்.

சாத்திய மலர்களை ஆற்றிலும் குளத்திலும் எறிதல் கூடாது. பிளாஸ்டிக் நூலை நீக்கி, உலர்ந்த இலையோடு குழியிலிட்டு ஈரம் காத்துக் கிளறி வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் எருவாகும். மாலையை வாழை நாரில் தொடுத்தால் நாரும் மக்கிவிடும். இறைவனுக்குச் சாத்திய மலர் எருவாகி, அடுத்த மலருக்கு உணவாவது எத்துணைப் பொருத்தம்!

நிலம் இல்லாதோர்

அடுக்குமாடியில் வாழ்வோர் வெயில் படும் மாடத்தில் ஒரு துளசியும் ஒரு நந்தியாவட்டையும் வைக்கலாம். தொட்டியின் அடியில் துளையும், அதன்மேல் ஓட்டுச் சில்லும் இருத்தல் வேண்டும். செம்மண், மணல், மக்கிய உரம் மூன்றும் சமமாகக் கலந்து நிரப்புக. சிமென்ட் தளமிட்ட வீட்டினர், மதில் ஓரமாக இரண்டு அடி அகலத்துக்குத் தளத்தைப் பெயர்த்தாலும் போதும். மல்லிகைக்கும் மழைநீருக்கும் வழி பிறக்கும்.

அன்பர்களே! விலைக்கு வாங்கும் மாலை ஒரு நாளில் வாடுகிறது. நாம் நட்ட செடியோ நாளும் ஒரு மலர் தந்து, நம்மை நாளும் வழிபாட்டுக்கு அழைக்கிறது. நீர் ஊற்றும் பொறுப்பை வீட்டுக் குழந்தைகளிடம் ஒப்படையுங்கள். பொறுமையும் பக்தியும் அவர்களிடம் உடன் வளரும். வரும் மழைக்காலத்தில் இல்லந்தோறும் ஒரு செடியேனும் நடுவோம். தம் கையால் வளர்த்த மலரை இறைவன் திருவடியில் சாத்தி, நலம் பல பெறுவோமாக!