ஸ்டேட்டஸ் மட்டும் போதுமா?

தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்கும் அம்மா, அக்கா நம் வீடுகளிலேயே இருக்காங்க. விளம்பரம்? புலனத்தில் ஒரு ஸ்டேட்டஸ், அவ்வளவுதான். அது 24 மணி நேரத்தில் மறைந்துவிடும். அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்குத்தான் தெரியும். புது வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார்?

கிள்ளானில் இருக்கும் என் சித்திக்குப் பிளாகரில் ஒரு வலைப்பூ திறந்து கொடுத்தேன். பிளாகர் 1999-இல் வந்தது, பழசுதான். ஆனால் காசு கேட்காது. தலைப்பில் கவிதை வேண்டாம். 'கிள்ளானில் வீட்டு முறுக்கு' என்று, வாங்குபவர் கூகுளில் தட்டும் சொல்லையே வையுங்க. மலாயிலும் எழுதுங்க, முறுக்கு நமக்கு மட்டுமா பிடிக்கும்? விலை, எடை, ஆர்டருக்குக் கடைசி நாள் எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். போஸ்டர் படத்துக்குள் போட்டால் தேடலில் சிக்குவது கஷ்டம். கூகுள் கண்டுபிடிக்கவும் நாளாகும், அதனால் இரண்டு மாதம் முன்பே தொடங்கணும். முறுக்கைச் சுடுங்க, அடுத்தவர் படத்தைச் சுடாதீங்க!

பிறகு அந்த இணைப்பை முகநூலில் போடுங்க. "எவ்வளவு?" என்று கேட்பவரை "பி.எம். பண்ணுங்க" என்று விரட்டாமல், அங்கேயே விலையைச் சொல்லிடுங்க. 'எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?' என்று ஒருவர் கேட்டாரா? அதுதான் சித்தியின் அடுத்த பதிவு.