பத்து ரூபாய் நாணயமும் நமது கல்லாவும்

"இது செல்லாது பாட்டி, நோட்டு இருந்தா குடுங்க" என்று திண்டுக்கல் கடையொன்றில் ஒரு மூதாட்டியைத் திருப்பியனுப்பியதைக் கண்டு நொந்தோம். எடுத்துக்கட்டிய பருப்பு மேஜையிலேயே கிடந்தது.

ரூபாய்க் குறி இல்லாதது போலி என்பது வதந்தி. குறியே 2010-ல்தான் வந்தது. அதற்கு முந்திய நாணயத்தில் எப்படி இருக்கும்? 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்ட நாணயங்களும் ரூ.1,000 வரையிலான தொகைக்குச் செல்லும்.

மொத்தக் கடையில் பையோடு கொண்டுவந்து கொட்டினால் நாமும் முகம் சுளித்தவர்கள்தாம். எண்ண ஆளில்லை என்றால் அதைச் சொல்லலாம். செல்லாது என்பது பொய். இப்போது பத்துப் பத்தாகப் பொட்டலம் கட்டி, சில்லறைக்கு அலையும் பெட்டிக்கடைக்காரர்களிடம் கொடுக்கிறோம். மறுவாரம் அவை நம்மிடமே வந்துவிடுகின்றன, அது வேறு கதை.