முதியோரும் கைபேசி வைத்தியமும்

முதுமையில் நோய் மிகும், நடை குறையும். வைத்தியரிடம் செல்லுதல் அரிதாகிய அப்பருவத்தில், வைத்தியரே கைபேசி வாயிலாக வீட்டிற்கு வருவாராயின் முதியோர் அதனை உவந்து ஏற்பர் என்றே எவரும் எண்ணுவர். ஆயினும் இவ்வுதவி மிகுதியும் வேண்டப்படுவோரே இதனைக் கையாளத் தயங்குகின்றனர். அத்தயக்கத்தின் காரணங்களையும், அது நீங்கும் வழியையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2011-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி, நம் தேசத்தில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோர் 10 கோடிக்கு மேற்பட்டவர். மத்திய அரசாங்கத்தாரின் இ-சஞ்சீவனி என்னும் தொலைவைத்தியச் சேவை 2019-இல் சுகாதார நிலையப் பணியாளர் வாயிலாகத் தொடங்கிற்று; 2020 ஏப்ரல் முதல் நோயாளி வீட்டிலிருந்தே வைத்தியருடன் பேசவும் வழி ஏற்பட்டது.

புதிய கருவியை மனிதர் ஏற்பது பெரிதும் இரண்டு எண்ணங்களைப் பொறுத்தது என 1989-இல் ஃபிரெட் டேவிஸ் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார். 'இதனாற் பயன் உண்டா?' என்பது ஒன்று. 'இதனை எளிதிற் கையாள இயலுமா?' என்பது மற்றொன்று. நாடி பிடித்துப் பாராத வைத்தியம் வைத்தியமாகுமோ என்பது முதியோரின் முதல் ஐயம். வெள்ளெழுத்துற்ற கண்ணுக்குச் சிற்றெழுத்துப் புலனாகாமையும், நடுங்கும் விரல் வேண்டாத இடத்திற் படுதலும், குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண்ணைக் காலங் கடக்குமுன் படித்து இட இயலாமையும் இரண்டாவதன்பாற்படும். அவ்வெண்ணைக் கேட்டுப் பணங் கவரும் வஞ்சகரைப் பற்றிய அச்சமும் உண்டு. அவ்வச்சத்தை அறியாமை என்று இகழலாகாது.

வெளியே சொல்லப்படாத காரணம் ஒன்றும் உளது. கைபேசி பேரனுடையதாயின், பாட்டியார் தம் நோயை அவன் செவிகேட்கவே கூறல்வேண்டும். சிறுநீரை அடக்க இயலாமை, மனச்சோர்வு முதலியவற்றைச் சொல்ல நாணி, முழங்கால் வலியை மட்டும் கூறி முடிப்பர். சொல்லப்படாத நோய்க்கு மருந்து யாது? 2020 மார்ச்சில் வெளியான தொலைவைத்திய விதிகள், நோயாளி தாமே அழைப்பின் அவரது இசைவு உண்டெனக் கொள்கின்றன. அவரைப் பராமரிப்போர் அழைப்பின் வெளிப்படையான இசைவு வேண்டுமென்கின்றன. எனவே, முதியவரின் சொல்லே முதன்மையானது.

வழி யாதெனின், மதுரை அமெரிக்கன் கல்லூரியின் பழைய மாணவராகிய டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் 1976-இல் தோற்றுவித்த அரவிந்த் கண் மருத்துவமனை ஒரு சான்று தருகின்றது. சிற்றூர்களிலுள்ள அதன் பார்வை மையங்களில், பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைச் சோதிக்க, தொலைவிலுள்ள வைத்தியர் திரைவழியே நோயாளியுடன் பேசுகின்றார். கருவியை இயக்கும் பாரம் முதியவர்மேல் இல்லை; அருகே அறிந்த மனிதர் ஒருவர் உளர்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்கள் இப்பணியைத் தம் வீட்டிலேயே செய்யலாம். நோயில்லாத நாளிலேயே ஒருமுறை இயக்கிக் காட்டுக. எழுத்தைப் பெரிதாக்கித் தருக. முன்பின் அறியாதார் கேட்பின் இரகசிய எண்ணைக் கூறலாகாதென்று உணர்த்துக. மார்புவலி போன்ற அவசர நிலையில் கைபேசி ஆலோசனைக்குக் காத்திராது, 108 ஊர்தியை அழைக்கவேண்டுமென்பதையும் சொல்லிவைக்க. வைத்தியர் திரையில் தோன்றியபின், முதியவர் விரும்பின் உடனிருக்க. இன்றேல் கதவைச் சாத்தி வெளியே நிற்க. பெரியோரைக் கனம்பண்ணுதல் அதுவுமாம்.