கழுத்து வழியே போன கம்பி

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. தாத்தாவைப் பார்க்க ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தபோது, கழுத்தில் ஒட்டியிருந்த கம்பியையும் கட்டிலோரப் பெட்டியையும் பார்த்துவிட்டு, "இனிமே ஆயுசுக்கும் இந்த மிஷினோடதானா அத்தை?" என்று கேட்டாய். நாங்குநேரியிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் பலருக்கும் அந்தப் பயம்தான். கம்பியே வேண்டாம் என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார். இதயப் பிரிவில் நர்ஸாக இருப்பவள் என்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன்.

பிளஸ் ஒன் விலங்கியலில் சைனோ ஏட்ரியல் கணுவைப் படித்திருப்பாய். நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது எழுப்பும் மின்தூண்டல், ஏட்ரியோ வென்ட்ரிகுலார் கணு வழியாகத்தான் கீழறைகளுக்கு இறங்கும். பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பது பேருக்கு இந்த இரண்டாவது கணுவுக்கு ரத்தம் தருவது வலது கரோனரி தமனி. தாத்தாவுக்கு மாரடைப்பில் அடைத்தது அதுதான். மேலறையின் தூண்டல் கீழே வராததால் கீழறை தன் போக்கில் நிமிடத்துக்கு முப்பது சொச்சம் முறை துடித்தது. மூளைக்கு ரத்தம் போதவில்லை, மயங்கி விழுந்தார். வீட்டில் அதைப் பித்த மயக்கம் என்று சொல்லி, சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்!

ஆனால் இந்த வகை மாரடைப்பில் அந்தக் கணு பெரும்பாலும் செத்துப்போவதில்லை. அடைப்பை நீக்கினால் சில நாளில் தேறிவிடும். முதலில் அட்ரோபின் ஊசி போட்டுப் பார்ப்போம். அதற்கும் துடிப்பு ஏறாமல், ரத்த அழுத்தமும் இறங்கினால், கழுத்துச் சிரை வழியாகவோ தொடை வழியாகவோ மெல்லிய கம்பியை இதயத்தின் வலது கீழறை வரை கொண்டுபோய் வைப்பார்கள். கணு தேறும்வரை துடிப்பைத் தாங்கிப் பிடிப்பதுதான் கம்பியும் பெட்டியும் சேர்ந்த இந்தத் தற்காலிகப் பேஸ்மேக்கரின் வேலை.

அந்தப் பெட்டியில் நீ பார்த்த திருகுகளில் ஒன்று வேகத்துக்கு, இன்னொன்று மின்னோட்டத்தின் அளவுக்கு. தினமும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பார்ப்போம். இசிஜியில் ஊசிபோல ஒரு கோடும் அதை ஒட்டியே அகலமான அலையும் வந்துகொண்டிருக்கும். ஓரிடத்தில் கோடு மட்டும் வரும், அலை வராது. உடனே அளவை ஏற்றி, இதயம் கேட்கும் குறைந்தபட்சத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கில் வைத்துவிடுவோம். கம்பி நகர்ந்துவிடலாம், கிருமி தொற்றலாம். அதனால்தான் தாத்தாவைப் புரண்டு படுக்க விடவில்லை.

இந்தப் பெட்டி பேட்டரியில் ஓடுவதற்கும் ஒரு கதை உண்டு. 1957 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் மினியாபோலிஸ் பகுதியில் கரண்ட் போனது. சுவர் மின்சாரத்தை நம்பியிருந்த பேஸ்மேக்கர் கருவிகளின் ஆபத்து அப்போது கண்கூடானது. மருத்துவர் லில்லஹெய் கேட்டுக்கொள்ள, எர்ல் பாக்கன் என்ற பொறியாளர் சில வாரங்களில் டிரான்சிஸ்டரும் பேட்டரியும் கொண்ட சிறு பெட்டியைச் செய்து கொடுத்தார். தாளம் காட்டும் மெட்ரோனோம் கருவியின் சுற்றுப்படம் ஒரு பத்திரிகையில் வந்திருந்தது. அதுதான் அவருக்கு ஆதாரம். அடுத்த ஆண்டே நியூயார்க்கில் சீமோர் ஃபர்மன் என்ற மருத்துவர் சிரை வழியே கம்பியைச் செலுத்தி இதயத்தைத் துடிக்க வைத்தார். தாத்தாவுக்குச் செய்ததும் அதே முறைதான்.

கணு தேறாமல் போனால்தான் நிரந்தரப் பேஸ்மேக்கர். அதைச் சில நாள் பொறுத்துப் பார்த்தே முடிவு செய்வார்கள். தாத்தாவுக்கு நேற்றிலிருந்து சொந்தத் துடிப்பே வருகிறது. நாளை கம்பியை எடுக்கப் பார்க்கிறார்கள்.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் ஊர் நாங்குநேரியிலிருந்து இங்கே வர ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இனி யாராவது மயங்கி விழுந்தால் சோடா தேடாதே, முதலில் 108-ஐக் கூப்பிடு. நினைவிருந்து மூச்சும் சீராக இருந்தால், மணிக்கட்டில் நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணு. அந்த எண்ணையும் விழுந்த நேரத்தையும் தாளில் எழுதிக்கொள். பிரஷர் மாத்திரைகளில் சில துடிப்பைக் குறைக்கும். ஆகவே அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு ஆம்புலன்ஸ்காரர்கள் கையில் கொடுத்துவிடு.

அன்புடன்,
அத்தை