எட்டு மூளை கூடினால் எட்டு மடங்கா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

சதுரங்கம் பாரதம் உலகுக்கு அளித்த கொடை. அதைக் கணிப்பொறியும் கற்றுத் தேர்ந்துவிட்டதை நாம் அறிவோம். 1997-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் 'டீப் புளூ' உலக வெற்றிவீரர் காஸ்பரோவை 3½–2½ என்ற கணக்கில் வென்றது. அதில் 480 சதுரங்கச் சில்லுகள் ஒருசேர உழைத்தன. அப்படியானால் பிராசசர்களைக் கூட்டக் கூட ஆட்டத்திறனும் அதே அளவு கூடுமா? அதற்கெனக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா? இவற்றைச் சற்று ஆராய்வோம்.

2005-ஆம் ஆண்டளவில் இரு கோர் கொண்ட கணிப்பொறிகள் வீடுகளுக்கு வரத் தொடங்கின. அக்காலத்தில் ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனம் இரு வகை மென்பொருள் விற்றது. சாதாரண 'பிரிட்ஸ்' ஒரு பிராசசரில் இயங்கும். 'டீப் பிரிட்ஸ்' பலவற்றில் இயங்கும், விலையும் அதிகம். 2006-இல் பான் நகரில் கிராம்னிக்கை 4–2 என வென்றது இந்த டீப் பிரிட்ஸே.

எங்கள் கணபதியில் லேத் பட்டறைகள் மிகுதி. என் தந்தையார் அத்தகைய பட்டறை ஒன்றில் டர்னர். நூறு புஷ் கடைய வேண்டுமானால் எட்டு லேத்துகளில் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் ஒரே ஷாஃப்டைக் கடைந்து, கீவே வெட்டி, கிரைண்டிங் செய்வதென்றால், ஒரு வேலை முடியாமல் அடுத்தது தொடங்காது. அப்போது எட்டு லேத் இருந்தும் பயனில்லை.

சதுரங்கக் கணக்கும் பெரிதும் இத்தகையதே. கணிப்பொறி முதல் நகர்த்தலை முழுமையாக ஆராய்கிறது. அடுத்த நகர்த்தலுக்கு எதிரியிடம் வலுவான ஒரு பதில் இருந்து, அது முதலாவதைவிடத் தாழ்ந்தது என்று தெரிந்துவிட்டால், மற்றப் பதில்களைப் பாராமலே தள்ளிவிடுகிறது. இதுவே ஆல்பா-பீட்டா முறை. முதல் விடை வருமுன்னரே மற்றப் பிராசசர்கள் வேலையைத் தொடங்கினால், தள்ளியிருக்க வேண்டியதையும் ஆராய்ந்து உழைப்பை வீணாக்கும்.

1967-இல் ஆம்டால் என்பார் கூறிய விதி இதைக் கணக்கால் விளக்கும். ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கைப் பிரிக்க இயலாதெனக் கொள்வோம். எட்டு பிராசசர்கள் இருந்தாலும் வேகம் 1 ÷ (0.1 + 0.9/8), அதாவது சுமார் 4.7 மடங்கே. பிராசசர்கள் எண்ணற்றவையானாலும் பத்து மடங்கைத் தாண்டாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப்படி ஏறியவர்களில் நானே முதல்வன். பழைய கணிப்பொறி ஒன்று வாங்கவே பல மாதச் சேமிப்பு தேவைப்பட்டது. மென்பொருளுக்கும் பிராசசர் கணக்கில் விலை என்றால் எம்மனோர்க்கு அது எட்டாக்கனியே. இங்கேதான் 2008-இல் தோன்றிய 'ஸ்டாக்பிஷ்' கைகொடுக்கிறது. அது இலவசம், கணிப்பொறியில் எத்தனை கோர் இருந்தாலும் அத்தனையையும் பயன்படுத்தும். எவரும் அதைத் திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மூல நிரலையும் உடன் தரவேண்டும். இந்நிபந்தனை மீறப்பட்டதாக ஸ்டாக்பிஷ் குழுவினர் 2021-இல் செஸ்பேஸ் மீது தொடுத்த வழக்கு, 2022-இல் சமரசத்தில் முடிந்தது. இலவசம் என்றால் கேட்பாரற்றது என்று பொருளல்ல.

2010-இல் சோபியா நகரில் நம் ஆனந்தை எதிர்த்த டோபலோவ், பல பிராசசர்கள் பூட்டிய கணிப்பொறித் தொகுதியில் 'ரிப்கா' மென்பொருளைக் கொண்டு ஆயத்தமானார். ஆனந்தோ கடைசி ஆட்டத்தில் கறுப்புக் காய்களுடன் வென்று, 6½–5½ எனப் பட்டத்தைக் காத்துக்கொண்டார்.

மாணவ நண்பர்களே! நான்கு கோர்கள் ஒரு நிமிடத்தில் காண்பதை, அதே வேகமுள்ள ஒரு கோர் நான்கு நிமிடத்திற்குள் கண்டுவிடும். மேற்கண்ட கணக்கு காட்டுவதும் இதுவே. பொருள் இல்லாதவர் பொறுமையைச் செலவிட்டு அதே விடையைப் பெறலாம். அந்த நான்கு நிமிடத்தில் நாமும் பலகையைப் பார்த்துச் சிந்தித்தால், லாபம் நமக்கே.